அஞ்சு குதிரை, ஆறு பீஸ் கட்டை!

"ஆ...த்...தா...டீ...!"

காலை ஆறு இருபதுக்குச் சிலமலைக் கீழ்க்காட்டில் கிளம்பிய அந்த அலறலுக்கு வரப்பில் நின்ற கொக்குகள் மொத்தமாய்ப் பறந்தன.

அலறியது அன்னக்கொடி. சாதாரணமாகப் பேசினாலே மூன்று வயல் தள்ளிக் கேட்கும். இன்று கேட்கவா வேண்டும்?

குடத்தைப் போட்டுவிட்டு, பாண்டியம்மாளின் மோட்டார் ஷெட் வாசலில் மார்பில் அடித்துக்கொண்டு நின்றாள்.

ஷெட்டுக்குள்ளே...

மோட்டார் மெக்கானிக் ஒச்சப்பன்!

மல்லாந்து கிடந்தான். பிடித்த பிடியில் இரண்டு கையிலும் ஒயர் நுனிகள். விரல்கள் கருகியிருந்தன. கண்கள் மட்டும் கூரையைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தன.

ஷெட்டை ஒட்டிய தன் வீட்டிலிருந்து பாண்டியம்மாள் ஓடி வந்தாள். கையில் டம்ளர். பழுது பார்த்த மோட்டாருக்கு ஒயர் மாட்ட வந்த ஒச்சப்பனுக்காகப் போட்ட வரக்காப்பி!

"என்னடி... என்னாச்சு?"

"செத்துட்டான்டி! ஒன் மோட்டாரு அவனைத் தின்னுருச்சு!"

டம்ளர் கீழே விழுந்தது.

ஏழரைக்குப் போலீஸ் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமி இறங்கினார். மாற்றலாகி வந்து இரண்டு மாதம். போடி வெயிலுக்கு இன்னும் பழகாத சிவந்த மூக்கு. பின்னாலேயே கான்ஸ்டபிள் அமாவாசை. போலீசில் சேருவதற்கு முன்னால் நாலு வருஷம் ஒயரிங் வேலை பார்த்தவர். அதை நாலாயிரம் தடவை சொல்லியிருப்பார்.

வரப்பு முழுக்கக் கூட்டம். வந்தவர்கள் துக்கத்துக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. சிலர் டிபன் வாளியோடு வந்திருந்தார்கள்.

"எப்பய்யா செத்தான்?"

"ஆறு, ஆறேகாலுக்குள்ள இருக்கும்யா. இந்தக் காட்டுக்கு மோட்டார் கரண்டு ஆறு மணிக்குத்தான் வரும். மத்தியானம் பன்னெண்டுக்குப் போயிரும்."

"கவனக்குறைவா?"

அமாவாசை ஒரு காய்ந்த குச்சியால் ஒயர் நுனிகளைத் தட்டிவிட்டுக் குனிந்தார். பிணத்தின் சட்டைப் பையில் விரலை விட்டார்.

வெளியே எடுத்தார்.

மூன்று பீங்கான் பீஸ் கட்டைகள்!

"அய்யா... இது ஒச்சப்பன் வழக்கம். இந்த ஷெட்டுல மெயின் சுவிட்சு உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு. மூணு கட்டையையும் புடுங்கி, கரண்டை அறுத்து, பையில போட்டுக்கிட்டுத்தான் ஒயரைத் தொடுவான். பொண்டாட்டியை நம்புனாலும் நம்புவான், மாட்டியிருக்குற பீஸை நம்ப மாட்டான்."

"அப்ப கரண்டு எப்படி வந்துச்சு?"

"அதான்யா கேள்வி! வெளிச் சுவத்துக்கு வாங்க."

வெளிச் சுவரில் தகரப் பெட்டி. அமாவாசை மூடியைத் திறந்தார்.

உள்ளே...

மூன்று பீஸ் கட்டைகள் ஜம்மென்று மாட்டியிருந்தன!

"பையில மூணு... பெட்டியில மூணு!" கோட்டைச்சாமியின் மூக்கு இன்னும் சிவந்தது. "அவன் உள்ள வேலை பாக்குறப்ப, யாரோ வெளிய நின்னு வேற கட்டையை மாட்டிருக்கான்!"

"ஆமாய்யா. விபத்து இல்ல. கொலை!"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது.

அமாவாசை ஒரு கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "அய்யா, இதுல சுத்தியிருக்குற கம்பியைப் பாருங்க. அஞ்சு குதிரை மோட்டாருக்கு எவனும் இம்புட்டு தடியாச் சுத்த மாட்டான். இது பெரிய மோட்டாரோட கட்டை!"

"இந்தம்மா மோட்டார் எத்தனை குதிரை சக்தி?"

"அஞ்சுய்யா," என்றாள் பாண்டியம்மாள்.

கோட்டைச்சாமி உள்ளே போய் மோட்டாரின் முதுகைப் பார்த்தார். கிரீஸும் தூசியும் படிந்த தகடு. நான்கு திருகில் மூன்று கழன்று, ஒரே திருகில் தொங்கியது. கைக்குட்டையால் துடைத்தார்.

பதினைந்து!

"என்னம்மா... அஞ்சுன்ன? தகடு பதினஞ்சுங்குது?"

"பதினஞ்சா? எம் புருசன் உசுரோட இருந்தப்ப வாங்குன மோட்டாருய்யா. அஞ்சுதேன்!"

"தகட்டைப் பாத்ததே இல்லையா?"

"தகட்டை எவ பாப்பா? தண்ணி வருதான்னு பாப்பேன்."

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயம்.

அது எண்பத்தைந்தாம் வருஷம். அதற்கு முந்தைய வருஷம்தான் விவசாய மோட்டார்களுக்கு மீட்டர் பார்ப்பதை விட்டுவிட்டு, மோட்டாரில் எத்தனை குதிரையோ அத்தனைக்கு வருஷக் கட்டணம் என்று வைத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அதே கட்டணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குதிரைக்கு ஒரே சாட்சி, அந்தத் தகடு. மூன்று விரல் அகலம். நாலு திருகு.

நம் ஆட்களிடம் திருப்புளி இல்லாமலா போய்விடும்?

தகடுகள் இடம் மாறுகின்றன என்று கரண்ட் ஆபீஸ் வரைக்கும் புகை போய், மோட்டார் மோட்டாராகக் கருவி வைத்து நிஜக் குதிரையைப் பார்க்க ஒரு சர்வே ஆபீசர் அன்று பத்து மணிக்குச் சிலமலைக்கு வருவதாக இருந்தது.

பத்து மணிக்கு சர்வே. ஆறு மணிக்குப் பிணம்!

"ஒச்சப்பனுக்கும் இந்தம்மாவுக்கும் ஆகாதாமே?" கோட்டைச்சாமி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். அன்னக்கொடி ஆரம்பித்தாள்.

"ஆகாதாவா? போன வாரம் போடியில, மெயின் ரோட்டுல வச்சு, நூறு பேரு பாக்க... 'மூணு தடவை காயில் கட்டியும் கருகுது. அடுத்த தடவை கருகுச்சுன்னா நீயும் கூடச் சேந்து கருகுவடா'ன்னு சொன்னா! நாந்தேன் பக்கத்துல நின்னேன்!"

"கோவத்துல சொன்னதுடி!" பாண்டியம்மாள் கத்தினாள்.

"சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்..."

கோட்டைச்சாமியின் கண்கள் இடுங்கின. "ஆறு மணிக்கு நீ எங்க இருந்த?"

"அடுப்படியில. காப்பி வச்சுக்கிட்டிருந்தேன்."

"சாட்சி?"

"காப்பிக்கு எவன்யா சாட்சி வைப்பான்?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். முப்பது வயது. சட்டைப் பையில் ஜீப் சாவி தொங்கியது. பாண்டியம்மாளின் தம்பி வேலுச்சாமி. காலையில் விவசாயிகள் சங்கத் தலைவர் சுருளியின் தோட்டத்தில் சோலி, அப்புறம் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஓட்டம். அந்த ஜீப்பு ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தபோது பாண்டியம்மாள் பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். பொங்கலில் முந்திரி குறைவு. மற்றபடி குறையில்லை.

"அய்யா..." வேலுச்சாமி கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. "எங்கக்கா நல்லவங்கய்யா. கோவம் வந்தா மட்டும் என்ன செய்றோம்னு தெரியாது. ஏதோ ஒரு வேகத்துல... பாத்துச் செய்யுங்கய்யா."

பரிந்து பேசுகிற மாதிரிதான் இருந்தது.

ஆனால் கோட்டைச்சாமியின் நோட்டில் பாண்டியம்மாளின் பெயருக்குக் கீழே ஒரு கோடு விழுந்தது.

"கெளம்பும்மா. ஸ்டேசனுக்குப் போவோம்."

பாண்டியம்மாள் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு நாளாகத் தண்ணீர் காணாத வாழை ஆயிரம் கன்று நின்றது. ஜெயிலுக்குப் போனால் வாழை போகும். தோட்டம் போகும். மானம் முதலிலேயே போய்விடும்.

"அய்யா, ஒண்ணு மட்டும் கேக்குறேன். எம் மோட்டாருக்குப் பதினஞ்சுன்னு தகடு இருந்தா, எனக்குக் கட்டணமும் பதினஞ்சுக்கா போட்டிருப்பாங்க?"

"பின்னே?"

"அப்ப... தூரக் கம்பிக்குன்னு கூடுதலா வாங்குறது?"

"என்ன தூரக் கம்பி?"

"டிரான்ஸ்பார்மர்ல இருந்து கம்பி எம்புட்டு தூரம் வருதோ அம்புட்டுக்கு ரேட்டு சாஸ்தின்னாங்களேய்யா! என் தோட்டம் கடைசிக் கம்பம். அதான் மத்தவங்களைவிட மூணு மடங்கு கட்டுறேன்!"

அமாவாசை சிரிக்கப் போய் அடக்கினார். "ஆத்தா, அப்படி ஒரு ரேட்டே கிடையாது. மொதக் கம்பத்துக்காரனுக்கும் கடைசிக் கம்பத்துக்காரனுக்கும் குதிரைக்கு ஒரே ரேட்டுதான். தூரத்துல குடியிருக்கிறது குத்தமா? அதுக்குத்தானே எல்லாருக்கும் பொதுவாப் போட்டிருக்கு."

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் கோட்டைச்சாமி.

"தம்பிதான் பில்லு கட்டப் போறவன். சங்கத்துல அப்படிப் பேசிக்கிட்டாங்கன்னு வந்து சொன்னான்."

"ஆமாங்கய்யா, சங்கத்துலதான் சொன்னாங்க," என்றான் வேலுச்சாமி அவசரமாக.

சங்கம் என்றால் சுருளி.

"நியாயமான ரேட்டு வேண்டும்!" என்று போன தையில் போடி ரோட்டில் ஊர்வலம் போனார்களே... முன்வரிசையில் கொடி பிடித்தவர் சுருளி. அவருக்குப் பக்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவள் பாண்டியம்மாள். மாலை மட்டும் சுருளிக்கு விழுந்தது. அவளுக்கு ஒரு வாரம் குரல் வரவில்லை.

"சுருளியோட மோட்டார் எத்தனை குதிரை?" என்றார் கோட்டைச்சாமி.

"அஞ்சுன்னுதான் சொல்லுவாரு," என்றது கூட்டம்.

பாண்டியம்மாள் நிமிர்ந்தாள். ஏதோ பொறி தட்டியது அவளுக்கு.

"அய்யா, காணாமப் போன பதினஞ்சு குதிரையை நான் புடிச்சுத் தர்றேன். என் அடுப்படிக்கு வாங்க!"

"அடுப்படிக்கா?"

"நான் கடைசிக் கம்பம். இந்தக் காட்டுல எவன் மோட்டாரைப் போட்டாலும் என் அடுப்படி பல்பு கண்ணைச் சிமிட்டும். அஞ்சு வருசமா அதைப் பாத்துத்தான் யாரு தண்ணி பாய்ச்சுறான்னு சொல்லுவேன். வேணும்னா இவ கிட்டக் கேளுங்க."

அன்னக்கொடி தலையாட்டினாள். "சரியாச் சொல்லுவாய்யா. எங்க வீட்டுக்காரரு களவாத் தண்ணி விட்டதைக்கூடக் கண்டுபுடிச்சா."

"அன்னக்கொடி...!" கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் பல்லைக் கடித்தது.

ஓடுகிற மோட்டார்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு அமாவாசை சைக்கிளில் கிளம்பினார். ஒவ்வொரு ஷெட்டாகப் போய், இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்த வேண்டும். எந்த வரிசையில் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுப்படியில் கோட்டைச்சாமியும் பாண்டியம்மாளும் பல்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

பல்பு லேசாகச் சிமிட்டியது.

"மொக்கையன் மோட்டாரு. அஞ்சு."

கொஞ்ச நேரம். மறுபடி ஒரு சிமிட்டல்.

"இது பெரியம்மாளோடது. மூணு. கெழட்டு மோட்டாரு, இருமிக்கிட்டுத்தான் எந்திரிக்கும்."

மறுபடி...

பல்பு அப்படியே செத்தது! பீடி நுனி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி... ஒன்று... இரண்டு... மூன்று எண்ணுவதற்குள் மெல்ல மெல்ல உயிர் வந்தது.

"இதுதான்யா! தெனமும் காலையில ஆறு மணிக்கு, கரண்டு வந்ததும் இப்படித்தான் சாகும். இது அஞ்சா? சொல்லுங்க! எம் மோட்டாரு மூணு தடவை கருகுனது இதுனாலதேன்!"

அமாவாசை வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"கடைசியா எந்த மோட்டார்யா போட்ட?"

"சுருளி மோட்டாருய்யா! தகட்டுல அஞ்சு. ஆனா யானை மாதிரி இருக்கு. இன்னொண்ணுய்யா... அங்க மாட்டியிருக்குற மூணு பீஸ் கட்டையும் புத்தம் புதுசு. பால் மாதிரி வெள்ளை. பக்கத்து அட்டைப் பெட்டியில இன்னும் அஞ்சாறு புதுக் கட்டை கெடக்கு. எதுலயும் கம்பி சுத்தல."

கோட்டைச்சாமி விரலைச் சொடுக்கினார்.

"பழைய கட்டை மூணும் இந்தம்மா பெட்டிக்கு வந்துருச்சு!"

ஒன்பது மணிக்குப் போடிமெட்டுப் பக்கமிருந்து ஒரு லோடு ஜீப்பு வந்து நின்றது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, உடம்பெல்லாம் ஏலக்காய் வாசம். சுருளி!

"யாரு பாண்டியம்மாளையா சந்தேகப்படுறீங்க? என் தங்கச்சி மாதிரி சார்! சங்கம் சும்மா விடாது..."

"சங்கத்தை விடுங்க. உங்க யானைக்கு அஞ்சு குதிரைன்னு யாரு பேரு வச்சா?"

சுருளியின் துண்டு தோளிலிருந்து நழுவியது.

ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"தகட்டை மாத்துனது நெசம் சார்! இந்த லைன்ல ஒரு பதினஞ்சு குதிரை இருக்குன்னு ஆபீசுல பதிவு இருக்கு. சும்மா அஞ்சு தகடு மாட்டுனா, பதினஞ்சு எங்கன்னு கேப்பாங்க. அதான்... பாண்டியம்மா மோட்டாரு காயில் கட்ட வந்தப்ப, ஒச்சப்பன் அந்தத் தகட்டை என் மோட்டாருக்கும், என் தகட்டை அந்த மோட்டாருக்கும் மாத்திட்டான்."

பாண்டியம்மாள் அவரையே பார்த்தாள்.

"அண்ணே... உங்க பக்கத்துல நின்னுதானே கத்துனேன்? நியாயமான ரேட்டு வேணும்னு? உங்க குதிரைக்கும் சேத்துக் கட்டிக்கிட்டா கத்துனேன்?"

சுருளி துண்டை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"மிச்சத்தையும் சொல்லுங்க," என்றார் கோட்டைச்சாமி. "ஒச்சப்பன் உளறிருவான்னு முடிச்சிட்டீங்க."

"அய்யோ, இல்ல சார்! முந்தாநாளே மேல எஸ்டேட்டுக்குப் போயிட்டேன். இப்பத்தான் எறங்கி வர்றேன். போடிமெட்டுச் செக்போஸ்ட்டுல கேளுங்க!"

அமாவாசை போலீஸ் ஜீப்பில் ஏறி ஒயர்லெஸ்ஸில் கேட்டார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"உண்மைதான்யா. முந்தாநாள் மேல போனது பதிவாகியிருக்கு. இன்னிக்குக் காலையில ஆறேமுக்காலுக்கு அங்க டீ குடிச்சிருக்காரு. செக்போஸ்ட்டுல மூணு பேரு பாத்திருக்காங்க."

வழக்கு பொத்தென்று பழைய இடத்திலேயே வந்து விழுந்தது.

கோட்டைச்சாமி பெருமூச்சு விட்டார். "தகட்டு விவகாரம் தனி. அது தெரிஞ்சுதான் நீ ஒச்சப்பன் மேல கையை வச்சிருப்பன்னு கோர்ட்டுல கேப்பாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வாம்மா."

வேலுச்சாமி ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். "குடிச்சுட்டுப் போக்கா. வக்கீலு வச்சு நான் பாத்துக்கிறேன்."

பாண்டியம்மாள் வாங்கவில்லை. எதையோ யோசித்தாள்.

"அய்யா... ஒரு நிமிசம். இன்னிக்குக் காலையில..."

"என்ன?"

"இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குப் பல்பு சாகவே இல்லய்யா!"

"என்ன சொல்ற?"

"ஆறு மணிக்குத்தான் காப்பி வச்சேன். தெனமும் அந்நேரம் பல்பு செத்துப் பொழைக்கும். இன்னிக்கு அன்னக்கொடி கத்துற வரைக்கும் சின்னச் சிமிட்டல்தான், சாகல. என்னடா, சுருளி அண்ணன் மோட்டாரு இன்னிக்கு ஓடலையேன்னு நெனச்சேன்!"

அமாவாசை துள்ளினார். "எப்படி ஓடும்? கட்டை மூணும் அந்நேரம் உங்க பெட்டியில இருந்துச்சே! புதுக் கட்டையில கம்பி சுத்த நேரமில்ல. அதனால ஓட்டத்துல இருந்த கட்டையைப் புடுங்கிட்டு ஓடி வந்திருக்கான். ஆறு மணிக்குச் சுருளி மோட்டாரைப் போட வேண்டிய ஆளு எவனோ, அவன்தான்..."

"சுருளி! நீங்க மலையில இருந்தா, காலையில உங்க மோட்டாரைப் போடுறது யாரு?"

சுருளியின் கண் ஒரு பக்கம் போனது.

பாண்டியம்மாளுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. சொல்லி முடித்த அந்த விநாடியே தெரிந்துவிட்டது. வாயிலிருந்து போன வார்த்தையைப் பிடித்து இழுக்க முடியுமா என்பதுபோல் உதடு துடித்தது.

செம்பிலிருந்த தண்ணீர் ஆடியது.



"வேலு..." என்றாள் அவள்.

வேலுச்சாமி செம்பை வீசினான். ஓடினான்! நாலே எட்டு. வீட்டோரம் நின்ற தன் ஜீப்பில் தாவி ஏறிச் சாவியைத் திருகினான். 'கிர்ர்ர்... கிர்ர்ர்...' என்றது. கிளம்பவில்லை. காலையில் தள்ளிவிட்டால்தான் கிளம்பும் ஜீப் அது. தினமும் தள்ளிவிடுவது பாண்டியம்மாள்தான்.

அமாவாசை அவன் சட்டையைப் பிடித்து இறக்கினார்.

"ஏன்டா?" பாண்டியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"சர்வே வருது, மாட்டிக்குவேன், தகட்டைத் திருப்பி மாத்தப் போறேன்னு நேத்து சாயங்காலம் ஒச்சப்பன் சொன்னான்க்கா. மாத்திட்டா சுருளி மாட்டுவாரு. ஜீப்பைப் புடுங்கிக்குவாரு. ஒரு சாவு விழுந்தா சர்வேயும் நின்னுரும்னு நெனச்சேன். தகட்டு விசயத்தை உங்கிட்டச் சொல்லாம இருக்கத்தான் ஜீப்பே குடுத்தாரு..."

"தூரக் கம்பிக்கு ரேட்டு சாஸ்தின்னு கதை கட்டுனது?"

"நாந்தேன்."

"நம்புனேன்டா! கடைசிக் கம்பம், நம்ம தலையெழுத்துன்னு வருசம் முழுக்க நம்புனேன்!"

"அன்னக்கொடி குடத்தோட வந்துருச்சுக்கா... அதான் கட்டையைத் திருப்பி எடுக்க முடியல. ஒன்னையப் புடிப்பாங்கன்னு நெனக்கவே இல்லக்கா. சத்தியமா!"

"கோவம் வந்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாதுன்னு அய்யா கிட்டச் சொன்னது யாருடா?"



அவள் கை ஓங்கியது. எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அன்னக்கொடி இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கல்லில் ஏறிக்கொண்டாள்.

அடிக்கவில்லை. ஓங்கிய கையால், ஜீப்பில் தொங்கிய அவன் சாவிக் கொத்தில் தன் வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்கய்யா."

பிணத்தைப் போடி ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றிவிட்ட பிறகு, போலீஸ் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பின் சீட்டில் வேலுச்சாமி. அவனுக்குப் பக்கத்தில், தகட்டு மோசடிக்காகச் சுருளி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பாண்டியம்மாள் ஷெட் வாசலிலேயே நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் அன்னக்கொடி பார்த்துவிடுவாள்.

சரியாகப் பத்து மணி.

ஒன்றுமே தெரியாமல் சைக்கிளில் வந்து இறங்கினார் சர்வே ஆபீசர். காதில் பென்சில், கையில் நோட்டு.

"உங்க ஷெட்டு எத்தனை குதிரைம்மா? உண்மையைச் சொல்லணும்!"

பாண்டியம்மாள் புழுதி அடங்கிய ரோட்டை ஒருமுறை பார்த்தாள்.

"குதிரை அஞ்சு சார். கூட ஒரு கழுதையும் கட்டி வச்சிருந்தேன்... அதை இப்பத்தான் போலீசு ஓட்டிக்கிட்டுப் போகுது!"